பேய்க்கு வழிவிட்ட சித்திரக்காரர்

சென்ற தவணையின் இறுதி வாரத்தில் ஒரு நாள், மதிய இடைவேளைக்குப் பின்னரான பாடத்தின்போது, பதினோராம் வகுப்பின் பின்வரிசையில் மாணவன் ஒருவன் அசாதாரண அமைதியோடு அமர்ந்திருக்கக் கண்டோம். புணர்ச்சி விதி கற்பிக்கும் வேளையில் ஒருவன் அத்துணை அமைதியாயிருப்பானாயின் அவன் உள்ளம் புணர்ச்சி விதியில் இல்லை என்பதை எமது நீண்டநாள் அனுபவம் எமக்கு உணர்த்தியிருக்கிறது. மெல்ல அருகிற் சென்று பார்த்தோம். மேசையின் கீழே, முழங்காலின்மீது, சித்திரக்கதைப் புத்தகம் ஒன்று விரிந்து கிடந்தது.

“என்ன தம்பி வாசிக்கிறீர்?”

எழுந்து நின்றான். “யப்பான் பேய்க்கதை, சேர். மாமா கனடாவிலிருந்து அனுப்பினவர்.”

“பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கப் பேய்க்கதையோ?”

“இதிலே பேய்தான் சேர் நல்லவர்” என்றான். வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

புத்தகத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டு சென்றோம். இரண்டு பக்கங்களைப் புரட்டிவிட்டுப் பெற்றோருக்குப் புத்திமதிக் கடிதம் ஒன்று எழுதுவதே எமது எண்ணம். கடிதம் எழுதப்படவில்லை. நள்ளிரவு கடந்த பின்னரே விளக்கை அணைத்தோம். அணைத்த பின்னரும் நெடுநேரம் நித்திரை வரவில்லை என்பதை மறைப்பதற்கில்லை.

அந்நூல், மிஸுகி ஷிகெரு என்னும் யப்பானியச் சித்திரக்காரர் படைத்த ‘கெகெகே நோ கித்தாரோ’ என்னும் தொடரின் ஆங்கிலத் தொகுதிகளுள் ஒன்று. சக் டேவிசன் என்பவரின் மொழிபெயர்ப்பாக 2016ஆம் ஆண்டு மொன்றியல் நகரப் பதிப்பகமொன்று வெளியிட்டது. யப்பானியர் தமது சித்திரக்கதைகளை ‘மங்கா’ என்பர். அவை வலமிருந்து இடமாக வாசிக்கப்படுபவை. நாமோ வழக்கம்போல் இடப்புறத்தில் தொடங்கினோம். புதைக்கப்பட்டவர்கள் எழுந்து, நோயாளிகளாகி, பின்னர் சுகமடைவதைக் கண்டு திகைத்த பின்னரே எமது பிழை எமக்குப் புலப்பட்டது.

தொடர் என்று கூறினோமாயினும் இது ஒரே கதை நீண்டு செல்லும் தொடர் அன்று. ஒவ்வொரு கதையும் தனித்து நிற்பது. எதனை முதலில் வாசித்தாலும் கெடுதியில்லை. கித்தாரோ என்னும் சிறுவன் ஒருவனே அவற்றையெல்லாம் கோத்த நூலாவான். ஒற்றைக் கண்ணை மறைத்து மயிர் தொங்கும். முன்னோரின் உரோமத்தால் நெய்த மேலங்கி அணிந்திருப்பான். அவன் வருகையை மரமிதியடியின் ஓசை முன்னறிவிக்கும். மனிதரின் துன்பங்களிற் பல, கண்ணுக்குப் புலனாகாத ‘யோக்காய்’ எனப்படும் ஆவிகளால் வருவன. அத்துன்பம் உற்றோர் கித்தாரோவுக்குக் கடிதம் எழுதி, யோக்காய்களுக்கென்றே உள்ள தபாற்பெட்டியில் இடுவர். அவன் வருவான்; காரியம் முடிந்ததும் போய்விடுவான். அடுத்த கதையில் வேறோர் ஊர், வேறோர் ஆவி.

இவனது பிறப்பைக் கூறும் கதையே எம்மை நித்திரை கொள்ளவிடாதது. இரத்த வங்கியொன்றிலே வேலை செய்யும் வாலிபன் ஒருவன், நோயாளிக்கு ஏற்றப்பட்ட இரத்தத்திற் கலந்திருந்த விபரீதத்தை ஆராயும்படி அனுப்பப்படுகிறான். அவ்விரத்தத்தை விற்றவரைத் தேடிச் சென்றால், தனது இருப்பிடத்துக்கு மிக அண்மையிலேயே, பாழடைந்த கோயிலொன்றில், மனிதரல்லாத ஓர் ஆணும் பெண்ணும் வாழக் காண்கிறான். பூமியில் மனிதருக்கு முன்னரே வாழ்ந்து, மனிதர் பெருகப் பெருக ஒதுங்கி ஒதுங்கி நிலத்தடிக்குச் சென்ற இனமொன்றின் கடைசி இருவர் அவர்கள். நோயும் வறுமையும் அவர்களை உருக்குலைத்திருந்தன. பெண் கருவுற்றிருந்தாள். பிள்ளை பிறக்கும் வரையிலேனும் தங்களைக் காட்டிக் கொடுக்க வேண்டாம் என்று வேண்டுகிறார்கள். வாலிபன் இணங்குகிறான். ஆயினும் பிள்ளை பிறக்குமுன்னரே இருவரும் மாண்டுபோகின்றனர். இரக்கத்தினால் அவன் அப்பெண்ணைப் புதைக்கிறான். பின்னர் ஓரிரவு, புதைகுழியின் மண் அசைகிறது. உள்ளிருந்து ஒரு குழவி ஊர்ந்து வெளிவருகிறது. பிள்ளையைத் தனியே விட்டுச் செல்ல மனம் பொறாத தந்தையோ, அழுகிய உடலிலிருந்து ஒரு கண்விழி மட்டுமாய்க் கழன்று, கையும் காலும் முளைத்து, மகனைத் தேடிப் போகிறது.

எழுதும்போது அருவருப்பாக இருக்கிறது. சித்திரத்தில் அருவருப்போடு வேறொன்றும் சேர்ந்திருக்கிறது. அந்தக் கண்விழித் தந்தை பின்வரும் கதைகளிலெல்லாம் மகனின் தலைமயிருக்குள் குடியிருந்து அவனுக்கு அறிவு புகட்டுகிறது. தேநீர்க் கோப்பையிலே வெந்நீர் நிரப்பி நீராடுகிறது. உலகச் சித்திரக்கதைகளில் இத்தகைய பாசமிக்க தந்தை வேறொருவர் உண்டோ என்பது எமக்கு ஐயமே.

இக்கதையின் வேர் பழைமையானது. ஒவ்வோர் இரவும் ஒரு பெண் இனிப்புக் கடைக்கு வந்து ஒரு காசு கொடுத்து இனிப்புப் பாகு வாங்கிச் செல்வாள். ஆறு இரவுகளில் ஆறு காசுகள் தீர்ந்துபோகும். பின்தொடர்ந்து சென்றோர் கல்லறையில் அவள் மறைந்ததையும், உள்ளே குழந்தை அழுவதையும் காண்பர். ஆறு காசுகள் என்பன, இறந்தோர் மறுவுலக ஆற்றைக் கடப்பதற்காகப் பிணத்தோடு வைக்கப்படுபவை. தன் பயணக் கூலியைப் பிள்ளைக்குச் செலவிட்ட தாய் அவள். 1930களில் இதோ மஸாமி என்பவர் இப்பழங்கதையைத் தழுவி, தெருக்களில் அட்டைப்படம் காட்டிக் கதைசொல்லும் ‘கமிஷிபாய்’ கலைக்காகக் கல்லறைக் கித்தாரோவின் கதையை இயற்றினார். மிஸுகியும் 1950களில் அதே தெருக்கலைக்குப் படம் வரைந்து வயிறு வளர்த்தவர். 1960இல் அவர் அதனைத் தமது சித்திரக்கதையாக்கினார்.

அவர் சேர்த்தது இரத்த வங்கி. அது வெறுங் கற்பனையன்று. போருக்குப் பிந்திய யப்பானில் ஏழைகள் தம் இரத்தத்தை விற்று உண்டனர்; மீண்டும் மீண்டும் விற்று, இரத்தம் நீராகிப்போனவர்கள் பலர். 1964இல் அமெரிக்கத் தூதுவர் ரைஷவர் கத்தியாற் குத்தப்பட்டு, அவருக்கு ஏற்றப்பட்ட இரத்தத்தினால் ஈரல் அழற்சி தொற்றிய பின்னரே இவ்வழக்கம் ஒழிய வழி பிறந்தது. ஆகவே பேய் தன் இரத்தத்தை விற்றது என்பதை வாசித்த அக்கால யப்பானியருக்குப் பேயைவிட விற்பனையே நன்கு தெரிந்த பொருள்.

மிஸுகி 1922ஆம் ஆண்டு மார்ச் 8ஆந் திகதி ஒசாக்காவிற் பிறந்து, தொத்தோரி மாகாணத்தின் சக்காய்மினாத்தோ என்னும் துறைமுகப் பட்டினத்தில் வளர்ந்தவர். ‘ஷிகெரு’ என்னும் தன் பெயரைச் சிறுபராயத்திற் சரியாக உச்சரிக்கத் தெரியாமல் ‘கெகெரு’ என்றாராம். அதுவே பின்னர் தொடரின் தலைப்பில் ‘கெகெகே’ ஆயிற்று. அவர்களின் இல்லத்துக்கு வந்து போன ஏழைக் கிழவி ஒருத்தி இருந்தாள். ‘நோன்னோன்பா’ என்று அழைப்பர். கூரையின் உட்புறத்திற் படிந்த கறையைக் காட்டி, இரவிலே கூரையை நக்கும் பேயின் வேலை இது என்பாள். இருட்டில் நடக்கும்போது பின்னால் காலடி கேட்டால் அதுவும் ஒரு யோக்காய்; அதன் பெயர் பெத்தோபெத்தோ-சான்; அஞ்சி ஓடலாகாது; வழியின் ஓரமாக ஒதுங்கி, “தாங்கள் முன்னே செல்லுங்கள்” என்று மரியாதையாகச் சொன்னால் போய்விடும். இக்கிழவியைப் பற்றி அவர் பின்னாளில் வரைந்த நூல் 2007இல் பிரான்சின் அங்குலேம் சித்திரக்கதை விழாவிலே தலைசிறந்த நூலுக்கான பரிசைப் பெற்றது. மங்காவொன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை.

இவ்வளவு மென்மையான பேய்களோடு வளர்ந்த வாலிபனை 1943இல் இராணுவம் பிடித்துக்கொண்டது. நியூ பிரிட்டன் தீவிலுள்ள ரபவுலுக்கு அனுப்பப்பட்டார். 1944இல் அவருடைய சிறு படைப்பிரிவு முற்றாக அழிந்தது. விடியற்காலைக் காவலுக்கு நின்ற இவர் ஒருவரே தப்பினார். தொலைநோக்கியாற் கிளிகளின் அழகைப் பார்த்துக்கொண்டு நின்று சற்றுத் தாமதித்தமையால் உயிர் பிழைத்ததாக அவரே பின்னாளில் கூறினார். கடலில் நீந்தியும் காட்டில் ஓடியும் வந்து சேர்ந்தவரை, அனைவரும் மாண்டிருக்க நீ மட்டும் மீண்டதேன் என்று மேலதிகாரி கடிந்தார். பின்னர் மலேரியாவாற் படுத்திருந்த வேளையில் வானிலிருந்து விழுந்த குண்டு அவரது இடக்கையைச் சிதைத்தது. மயக்க மருந்தின்றியே அக்கை வெட்டி அகற்றப்பட்டது. கித்தாரோவும், கல்லறைகளின் ஒவ்வொரு புல்லையும் எண்ணி எண்ணி வரைந்த அந்தக் கரிய பக்கங்களும், ஒற்றைக் கையர் ஒருவரின் படைப்பு என்பதை நாம் அறிந்தபோது புத்தகத்தை மீண்டும் முதலிலிருந்து புரட்டினோம், இம்முறை வலமிருந்து.

காட்டில் தப்பியோடிய இரவொன்றில், கண்ணுக்குத் தெரியாத சுவரொன்று தம்மை முன்னே செல்லவிடாது தடுத்ததாக மிஸுகி கூறியிருக்கிறார். இராப்பயணியின் வழியில் திடீரெனச் சுவராய் நிற்கும் நுரிகபே என்னும் யோக்காயை நாட்டாரியல் அறிஞர் யனகித்தா குனியோ முன்னரே பதிவு செய்திருந்தார்; தடியால் அதன் அடிப்பாகத்தைத் தட்டினால் மறைந்துவிடும் என்பது கியூஷூ தீவின் மக்கள் நம்பிக்கை. அதற்குச் சாந்து பூசிய சுவரின் வடிவும், இரண்டு கண்களும், குட்டைக் கால்களும் தந்து யப்பானியச் சிறுவர் அனைவரும் அறியச் செய்தவர் மிஸுகி. துப்பாக்கியோடு துரத்தியவர்கள் அவர் கதைகளிற் கொடியவராக நிலைத்திருக்க, வழியை மறித்த சுவர் கித்தாரோவின் தோழனாயிற்று!

இவ்விடத்தில் எம்மைப் பற்றிய ஒரு சொல். எமது தலைமுறையினர் பலர் பயத்தைப் பதுங்குகுழியிலே கற்றவர்கள். மண்மூட்டை அடுக்கிய அந்த இருட்டிலே, ஷெல் விழும் ஓசை கேட்கும்போதெல்லாம், எங்கள் அம்மம்மா புளியமரத்து முனியின் கதையைச் சொல்லுவார். ஓசை பெரிதாகும்போது முனியும் பெரிதாகும். நாங்கள் முனிக்கே அஞ்சினோம். வளர்ந்தபின், அறிவு வந்ததாக எண்ணிக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பேய்க்கதை சொல்வது தகாது என்று மேடைகளிற் பேசியும் இருக்கிறோம். அம்மம்மா அன்று செய்தது என்ன என்பதை ஒற்றைக்கைச் சித்திரக்காரர் ஒருவரின் புத்தகம் கையில் வரும்வரை நாம் ஒருதரமேனும் சிந்தித்ததில்லை.

கதைகளுக்கு மீள்வோம். 1965இல் வாரச் சிறுவர் சஞ்சிகையொன்றில் கித்தாரோ முதன்முதலாக இடம்பெற்ற கதையின் பெயர் ‘கை’. வெளிநாட்டு இரத்தக்காட்டேரியொன்று கித்தாரோவை அழித்துவிட்டதாக மகிழ்ந்திருக்க, அவனுடைய கை மட்டும் தனியே ஊர்ந்து வந்து பழிதீர்க்கிறது. கையிழந்தவர் வரைந்த கதை என்பதை அறியாது வாசித்தாலும் மயிர்க்கூச்செறியும். அறிந்து வாசித்தாற் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ‘பெருங்கடல் விலங்கு’ என்பது இன்னுமொரு கதை. கித்தாரோ நியூகினியாவுக்குச் செல்கிறான். பொறாமை கொண்ட இளம் விஞ்ஞானி ஒருவன் தொல்விலங்கொன்றின் இரத்தத்தை அவனுடலிற் செலுத்த, அவன் உரோமம் அடர்ந்த பெரும் பூதமாகிறான். கடலைக் கடந்து தன் நாட்டுக்கே திரும்பி வருகிறான். வாய்திறந்து தான் யாரென்று சொல்ல இயலவில்லை. சொந்த நாட்டின் டாங்கிகள் அவன்மீது சுடுகின்றன. தென்கடல் தீவுகளிலிருந்து உருமாறித் திரும்பிய போர்வீரர்களின் கதை இதைவிடத் தெளிவாகச் சிறுவர் சஞ்சிகையில் எவ்வாறு சொல்லப்படும்?

இவ்வாறெல்லாம் கூறுவதால் தொடர் முழுவதும் துயரமயமானது என்று எண்ணிவிடலாகாது. ‘பேய்ப் புகையிரதம்’ என்னும் கதையை எமது வீட்டில் உரக்க வாசித்தபோது பிள்ளைகள் சிரித்துப் பின்னர் திடீரென மௌனமானார்கள். பேயுமில்லை பிசாசுமில்லை என்று இறுமாந்து கித்தாரோவின் தலையில் அடித்து வீங்கச்செய்த அலுவலர் இருவர், நள்ளிரவில் ஒரு புகையிரதத்தில் ஏறுகின்றனர். நிலையங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறுகின்றன: ‘இறுதி மூச்சு’, பின்னர் ‘சுடலை’. இறங்கவும் முடியாது, இருக்கவும் முடியாது. முடிவில் எவரும் இறப்பதில்லை. அவர்கள் தலையிலும் ஒரு வீக்கம், அவ்வளவே. எலி மனிதன் என்னும் பாத்திரமும் சொல்லத்தக்கவன். குளிப்பதே கிடையாது, காசுக்காக நண்பனையும் விற்பான், அடுத்த கதையில் ஒன்றும் நடவாததுபோல் வந்து நிற்பான். கித்தாரோவைவிட இவனையே மிஸுகி அதிகம் விரும்பினார் என்பது ஒவ்வொரு கோட்டிலும் தெரிகிறது.

குறையும் உண்டு. வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் கடைகளுக்காக 1960இல் வரைந்த கல்லறைக் கித்தாரோ இரக்கமற்றவன், சிகரெட் புகைப்பவன், மனிதர் அழிவதைப் பார்த்து வாளாவிருப்பவன். சஞ்சிகைக்கு வந்தபின் அவன் படிப்படியாக நல்ல பிள்ளையாகிவிட்டான். தொலைக்காட்சிக்குப் போகவேண்டி, ‘கல்லறை’ என்னும் சொல்லும் 1967இல் தலைப்பிலிருந்து நீக்கப்பட்டது. 1968இல் அசையும் படமாக வந்தது. மேல்நாட்டுப் பேய்கள் தீவொன்றைக் கைப்பற்ற, யப்பானியப் பேய்கள் திரண்டு சென்று போரிடும் கதை மிகப் புகழ் பெற்றது. எமக்கு அது உவப்பாயில்லை. பேய்களுக்கும் தேசாபிமானம் வந்துவிட்டதே என்று சலித்துக்கொண்டோம். ஆனால் அக்கதையிலும் மாளும் பேய்களைக் கணக்கிட்டுப் பார்த்தால், போரைப் பற்றி மிஸுகி எண்ணியது என்ன என்பது மறைந்திருக்கவில்லை. தமது படைப்பிரிவின் அழிவை அவர் 1973இல் பேயெதுவுமின்றியே ஒரு தனி நூலாக வரைந்தார். கித்தாரோவை வாசித்தபின் அதனை வாசித்தோம். இரண்டினுள் அச்சம் தருவது எது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொரு கதையும் தனித்து முடிவதில் ஒரு நலமிருக்கிறது. எதோ காலத்து யப்பானியர் இரவிலே கூடி நூறு திரிகளை ஏற்றி, ஒரு கதை முடிய ஒரு திரியை அணைப்பார்களாம்; நூறாவது அணைந்ததும் மெய்யான பேய் வரும் என்பதால் தொண்ணூற்றொன்பதோடு நிறுத்துவதும் உண்டு. கித்தாரோவின் கதைகளும் அவ்வாறே. ஒரு கதையின் அச்சம் அக்கதையோடு அணைந்துவிடுகிறது. அடுத்ததற்கு அதனைச் சுமந்து செல்ல வேண்டியதில்லை. இக்காலத்து நெடுந்தொடர்களைப்போல், ‘அடுத்து என்னவோ’ என்று வாசகனைக் கொக்கியிற் கோத்து இழுக்கும் சூழ்ச்சி இங்கே இல்லை. பாடவேளையில் வாசிப்பதற்கு வசதியானதும் அதுவே என்று அம்மாணவன் பின்னர் எமக்கு விளக்கினான்.

மிஸுகி 2015ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் திகதி, 93ஆம் வயதில் மறைந்தார். சக்காய்மினாத்தோவில் 1993இல் 23 வெண்கலச் சிலைகளோடு தொடங்கிய வீதியில் இன்று நூற்றுக்கு மேற்பட்ட யோக்காய்கள் நிற்கின்றன. அவ்வூரின் புகையிரத நிலையத்துக்குச் செல்லப்பெயர் கித்தாரோ நிலையம்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கு முன்னர் மாணவனின் தாயார் ஒரு நாள் பாடசாலைக்கு வந்தார். வீட்டிலே ஆறு வயதுத் தங்கை கண்விழிப் படத்தைக் கண்டு இரண்டு இரவுகள் அழுததாம். அது நியாயமே. ஆறு வயதுக்கு இந்நூல் ஆகாது. பன்னிரண்டுக்கு மேல் தடையில்லை என்று எமது அபிப்பிராயத்தைக் கூறினோம். அவர் சற்றுத் தயங்கினார்.

“நானும் வாசித்தனான், சேர். குழிக்குள்ளே கிடந்த அந்தத் தாய்தான் பாவம்” என்றார்.

மாணவனிடம் புத்தகத்தைக் கொடுத்தோம். மறுநாள் அவன் இரண்டாவது தொகுதியைக் கொண்டு வந்து, கேளாமலே எமது மேசையில் வைத்துவிட்டுப் போனான். புணர்ச்சி விதி இன்னும் அவனுக்கு வரவில்லை.

சென்ற வாரம் ஓர் இரவு, மின்சாரம் தடைப்பட்டிருந்த வேளையில், ஒழுங்கையால் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் காலடி கேட்டது. நின்றோம், அதுவும் நின்றது. நடந்தோம், அதுவும் நடந்தது. நாற்பது வயது கடந்தவர், பட்டதாரி, கல்லூரி ஆசிரியர் என்பனவெல்லாம் அவ்வேளை நினைவுக்கு வரவில்லை. வேலியோரமாக ஒதுங்கி நின்று, “தாங்கள் முன்னே செல்லுங்கள்” என்று வாய்விட்டே சொன்னோம். அயல்வீட்டு நாய் எம்மை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கடந்து சென்றது.